ஏர் வாங்கும் பழைய கார்புரேட்டர்

பழைய புல்வெட்டி ஒன்று கயிற்றை இழுத்ததும் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஆனால் ஒரே வேகத்தில் நிற்பதில்லை, ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. காற்று வழியை அடைக்கும் சோக்கைப் பாதி மூடினால் அடங்குகிறது, திறந்தால் மறுபடியும் ஆரம்பித்துவிடுகிறது. உடனே பலரும் செய்வது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டரைக் கழற்றி, கிளீனர் அடித்து, பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டை ஊதி மாட்டுவது. இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் அதே சத்தம்.

சோக்கை மூடினால் சரியாகிறது என்றால் இன்ஜினுக்குள் காற்று தூக்கலாகவும் பெட்ரோல் குறைவாகவும் போகிறது என்று பொருள். அதற்கு அடைப்பு ஒரு காரணம்தான். முப்பது, நாற்பது வருஷம் உழைத்த மெஷினில் அதைவிடப் பெரிய காரணம் தேய்மானம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகட்டின் தண்டு ஆடும், டயாபிரம் எனும் மெல்லிய சவ்வு விறைத்திருக்கும், டாங்கின் மேல்முகம் வளைந்திருக்கும், ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் காய்ந்திருக்கும். இதில் எது இருந்தாலும் கணக்கில் இல்லாத காற்று உள்ளே புகும். பட்டறையில் இதை 'ஏர் வாங்குது' என்பார்கள். ஏர் வாங்குகிற கார்புரேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் குணமாகாது. எந்த இடம் தேய்ந்தது என்று கண்டுபிடித்து அந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும்.

இங்கே சொல்வது பெரும்பாலும் அமெரிக்காவின் மில்வாக்கியைச் சேர்ந்த பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் 1970கள், 80கள் காலத்து மூன்று, மூன்றரை குதிரைசக்தி இன்ஜின்களைப் பற்றி. வட அமெரிக்க வீடுகளின் கராஜில் இன்றும் நிறைய கிடக்கின்றன. இன்ஜினின் மேல்மூடித் தகட்டில் மாடல், டைப், கோட் (code) என மூன்று எண்கள் பொறித்திருக்கும். மாடல் எண் 92 என்று தொடங்கினால் 9 கன அங்குல இன்ஜின், சுமார் 148 சிசி. கோட் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வருஷம். 78 என்றால் 1978. உதிரிபாகம் வாங்கும்போது இந்த மூன்று எண்களும் கையில் வேண்டும். மெஷின் உடம்பில் ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயரைச் சொல்லி வாங்கினால் பெரும்பாலும் பொருந்தாத டயாபிரம்தான் வரும்.

கை வைக்கும் முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றித் தள்ளி வையுங்கள். பெட்ரோலை வடித்துவிடுங்கள். கராஜுக்குள் தண்ணீர் ஹீட்டரின் பைலட் சுடர் எரிந்துகொண்டிருந்தால் வேலையை வெளியே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். பெட்ரோல் ஆவி தரையோடு தரையாகத் தவழ்ந்து போய்ப் பற்றிக்கொள்ளும்.

இந்தச் சின்ன இன்ஜின்களில் கார்புரேட்டர் நேராகப் பெட்ரோல் டாங்கின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். இதில் இரண்டு வகை. வாக்கு-ஜெட்டில் ஒரே குழாய். டாங்கிலிருந்து நேராக உறிஞ்சும், குழாய்க்குள் வலையும் ஒரு சின்ன குண்டு வால்வும் இருக்கும். பல்சா-ஜெட்டில் நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என இரண்டு குழாய்கள். இன்ஜின் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் ஒரு டயாபிரமை அசைக்கிறது, ஸ்பிரிங் அதைத் திரும்பத் தள்ளுகிறது. அந்த அசைவு நீளக் குழாய் வழியாகப் பெட்ரோலை மேலே ஏற்றி, டாங்கின் மேற்பகுதியில் உள்ள சின்னக் கிண்ணத்தை நிரப்புகிறது. மிஞ்சியது வழிந்து டாங்குக்கே போய்விடும். குட்டைக் குழாய் அந்தக் கிண்ணத்திலிருந்து மட்டும் குடிக்கிறது. அதனால் டாங்க் நிறைந்திருந்தாலும் அடியில் கொஞ்சம் கிடந்தாலும் கலவை மாறாது. மிக அழகான ஏற்பாடு. டயாபிரம் உயிரோடு இருக்கும்வரைதான்.

ஆகவே பல்சா-ஜெட்டில் முதலில் பார்க்க வேண்டியது டயாபிரம். பல மாடல்களில் அது கார்புரேட்டருக்கும் டாங்குக்கும் நடுவில் இருக்கும், சிலவற்றில் பக்கவாட்டில் சின்ன மூடிக்குள். கழற்றும்போது டயாபிரம், காஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தாள்), ஸ்பிரிங், அதன் தொப்பி எந்த வரிசையில் வந்தன என்று ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் பம்பின் நாக்குகள் அசைய இடம் இருக்காது, இன்ஜின் கிண்ணத்தில் இருந்த பெட்ரோலைக் குடித்துவிட்டு நின்றுவிடும். டயாபிரமில் மூன்று பக்கம் வெட்டிவிட்ட அந்த நாக்குகள்தான் பம்பின் வால்வுகள். டயாபிரமை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நல்லது ஈரவெற்றிலை போலத் தொங்கும், நாக்குகள் தட்டையாகப் படுத்திருக்கும். பழையது காய்ந்த வாழைச் சருகு போல விரலில் சலசலக்கும். நாக்கின் நுனி சுருண்டு ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தால் அந்த வால்வு மூடவே மூடாது. கிழியவில்லை என்பதற்காகப் பழையதையே மாட்டாதீர்கள். விறைத்த டயாபிரம் பார்வைக்கு முழுசாகவே இருக்கும், பம்ப் மட்டும் அடிக்காது.

தானியங்கி சோக் உள்ள மாடலில் இதே டயாபிரமோடு சோக் தகட்டின் இணைப்புக் கம்பியும் ஒரு ஸ்பிரிங்கும் சேர்ந்திருக்கும். இன்ஜின் நிற்கும்போது சோக் மூடியிருக்க வேண்டும், ஓடத் தொடங்கியதும் உறிஞ்சலில் திறக்க வேண்டும். டயாபிரம் கிழிந்தால் சோக் திறக்காது. கரும்புகை, நனைந்த பிளக். அந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டவோ வெட்டவோ கூடாது. அதன் நீளம்தான் சோக் எப்போது திறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. மாட்டும்போது ஸ்க்ரூக்களை இரண்டு சுற்று மட்டும் ஏற்றிவிட்டு, சோக் தகட்டை மூடிய நிலைக்கும் ஒரு இம்மி தாண்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். கையை எடுத்ததும் சோக் தானாக மெல்ல மூடியிருந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது. திறந்தே நின்றால் மறுபடி கழற்றத்தான் வேண்டும்.

டயாபிரம் புதிது, ஆனாலும் பம்ப் சரியாக இல்லை என்றால் டாங்கின் மேல்முகத்தைச் சந்தேகப்படுங்கள். யாரோ ஒருவர் ஒரு காலத்தில் கசிவை நிறுத்த ஸ்க்ரூக்களை முறுக்கித் தள்ளியிருப்பார், ஓட்டைகளைச் சுற்றி உலோகம் மேடு தட்டியிருக்கும். பழைய காஸ்கெட் துணுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, முகத்தின் குறுக்கே ஒரு ஸ்டீல் ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி, 0.002 அங்குல (0.05 மி.மீ.) ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அந்த முகம் தேறாது. டாங்க் தகரமாக இருந்தால் தேய்த்துச் சமப்படுத்த முயலாதீர்கள். தகரம் மெலிந்து ஓட்டை விழும். டாங்கை மாற்ற வேண்டும், அல்லது அந்த மாடலுக்கென்று வரும் ஸ்பேசர் கிட்டைப் போட வேண்டும். காஸ்கெட்டுக்குப் பதிலாக சிலிக்கான் பசையைப் பூசுகிறவர்கள் உண்டு. பெட்ரோலில் அது ஊறி உப்பி, பிய்ந்த துணுக்கு நேராக ஜெட்டுக்குப் போய்ச் சேரும். வேண்டவே வேண்டாம்.

கார்புரேட்டரின் அடிமுகம் துத்தநாக வார்ப்பு. அதைச் சமப்படுத்தலாம். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 320 எண் நீர் எமரித் தாளை விரித்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, முகத்தில் மார்க்கர் பேனாவால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டு, எட்டு போடுவது போலத் தேயுங்கள். அழுத்தாதீர்கள், கார்புரேட்டரின் எடையே போதும். பத்து எட்டுக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்தால் மேடான இடத்தில் மை போயிருக்கும், பள்ளத்தில் நிற்கும். மை எல்லா இடத்திலும் அழிந்ததும் 400 எண் தாளில் முடியுங்கள். அப்புறம் ஒவ்வொரு துவாரத்தையும் கம்பிரஸர் காற்றால் ஊதுங்கள். தேய்த்த பொடி ஒரு துளி உள்ளே தங்கினாலும் இவ்வளவு பாடும் வீண்.

பெட்ரோல் குழாய்கள் நைலானாக இருந்தால் 9/16 அங்குல சாக்கெட் போட்டுத் திருகி எடுக்கலாம். பித்தளைக் குழாய் என்றால் அழுத்திச் செருகியது. குழாயை வைஸில் பிடித்துக்கொண்டு கார்புரேட்டரை இரண்டு ஸ்க்ரூடிரைவரால் இருபுறமும் நெம்ப வேண்டும். புதியதைச் செருகும்போது கார்புரேட்டர் முகத்திலிருந்து குழாயின் நுனி 2 9/32 முதல் 2 5/16 அங்குலம் வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இது வாக்கு-ஜெட்டின் அளவு. குட்டையாக நின்றால் டாங்கில் பெட்ரோல் இருக்கும்போதே இன்ஜின் அணையும். நைலான் பாகங்களைக் கிளீனர் கரைசலில் அரைமணி நேரத்துக்கு மேல் ஊறவைக்காதீர்கள். வினிகர், எலுமிச்சைச் சாறு என்று இணையத்தில் சொல்வதையும் நம்ப வேண்டாம். அமிலம் வார்ப்பில் பூக்கும் வெள்ளைப் பொடியைக் கரைப்பது போலத் தெரியும், கூடவே துத்தநாகத்தையும் தின்னும்.

அந்த வெள்ளைப் பொடி வருவது ஈரத்தால். அமெரிக்கப் பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். அந்த அடித்தண்ணீர்தான் வார்ப்பை அரிக்கிறது. இந்தியாவில் இப்போது 20 சதவீதக் கலப்பு வந்துவிட்டதால் பழைய மருந்தடிக்கும் மெஷின், பெட்ரோல் பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் டாங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவதே நல்லது.

அடுத்தது நீடில். கலவையைக் கூட்டிக் குறைக்கும் இந்தப் பித்தளை ஊசியின் கூம்பு முனை, நல்ல நிலையில் பென்சில் சீவினது போல வழவழவென்று இருக்கும். 'முழுசா மூடிட்டு ஒன்றரை சுற்று திற' என்று சொன்னதைக் கேட்டு யாரோ ஸ்க்ரூடிரைவரால் பலமாக மூடியிருந்தால், கூம்பில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். விரல்நகத்தை முனையை நோக்கி ஓட்டினால் அந்த இடத்தில் தட்டும். பள்ளம் விழுந்த நீடிலால் கலவையைப் பிடிக்க முடியாது. கால் சுற்று திருப்பினாலும் மாற்றம் இருக்காது, அடுத்த இம்மியில் தாறுமாறாக மாறும். எமரியில் தேய்த்தால் கூம்பின் கோணம் கெடும். புது நீடில், கூடவே அது உட்காரும் சீட், அதன் ஓ-ரிங். மூடும்போது இரண்டு விரலின் பலம் போதும். தட்டியதும் நிறுத்திவிட வேண்டும்.

இனி அதிகம் பேர் தவறவிடும் இடம், த்ராட்டில் தண்டு. வேகத்தை நிலையாக வைக்கும் கவர்னர் நாள் முழுக்க அதை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே இருக்கிறது. புல் தூசி எண்ணெயோடு சேர்ந்து தேய்க்கும் பசையாகிறது. வார்ப்பில் உள்ள ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். அது த்ராட்டில் தகட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், மெதுவாக ஓடும்போது உறிஞ்சல் மிக அதிகமாக இருக்கிற இடமும் அதுதான். இன்ஜின் ஓடும்போதே சோதிக்க எளிய வழி உண்டு: தண்டு உடம்புக்குள் நுழையும் இடத்தைச் சுற்றிக் கெட்டியான கிரீஸை ஒரு பட்டாணி அளவு அப்புங்கள். ஏற்ற இறக்கம் சில நொடிகளுக்காவது அடங்கினால் குற்றவாளி அகப்பட்டது. கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. பக்கத்திலேயே சைலன்சர் கொதித்துக்கொண்டிருப்பதால் கிரீஸே மேல்.

கழற்றிய பிறகு தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் 0.010 அங்குலத்தை (0.25 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு விசிட்டிங் கார்டு தடிமன்) தாண்டினால் வேலை இருக்கிறது. எது தேய்ந்தது என்பதை வெர்னியர் சொல்லும். தண்டில் ஓட்டைக்குள் உரசும் பகுதியையும் உரசாத பகுதியையும் அளந்து ஒப்பிடுங்கள். பல பல்சா-ஜெட்களில் தண்டும் தகடும் சேர்ந்து ஒரே பிளாஸ்டிக் துண்டு, முழுசாக மாற்றிவிடலாம். ஃப்ளோட் எனும் மிதவை உள்ள பெரிய வகையான ஃப்ளோ-ஜெட்டில் தண்டு ஓடுவது மாற்றக்கூடிய புஷ்களில் (உள்ளே செருகிய சிறு குழாய்கள்). ஒரு 1/4 அங்குலம், 20 மரை டாப்பை (மரை வெட்டும் கருவி) வைஸில் நிமிர்த்திப் பிடித்து, கார்புரேட்டர் உடம்பையே அதன் மேல் திருகினால் டாப் புஷ்ஷைக் கவ்வும், இழுத்தால் புஷ் வெளியே வந்துவிடும். புதிய புஷ்ஷை வைஸின் தாடையாலேயே அழுத்திச் செருகுங்கள். தண்டு இறுக்கமாக இருந்தால் 7/32 அங்குல ட்ரில் பிட்டைக் கையால் இரண்டு புஷ்களின் வழியாகவும் ஒரே நேராக ஓட்டுங்கள், அதுவே ரீமர். ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் இரண்டு துவாரமும் நேர்கோட்டில் வராது, தண்டு பிடித்துக்கொள்ளும்.

புஷ் இல்லாத வார்ப்பு என்றால் ஓட்டையைப் பெரிதாக்கி மெல்லிய பித்தளைக் குழாயைச் செருகலாம். இதற்கு ட்ரில் பிரஸ் வேண்டும், கை ட்ரில்லில் முயலாதீர்கள். துத்தநாகம் பிட்டைச் சட்டென்று கவ்வி இழுக்கும், ஓட்டை சாய்ந்துவிடும். பித்தளைக் குழாய் காற்று வழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

த்ராட்டில் தகட்டைத் தண்டோடு பிடிக்கும் ஸ்க்ரூவின் வால் தட்டி விரித்திருக்கும். அப்படியே திருகினால் தண்டின் மரை போய்விடும். வாலை முதலில் அரத்தால் ராவி எடுங்கள். தகட்டின் ஓரம் சாய்வாக வெட்டியது, எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று கீறி அடையாளம் வையுங்கள். திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை லூசாக விட்டு, த்ராட்டிலை மூடி, லேசாக ஒரு தட்டு தட்டினால் தகடு தானாக நடுவில் உட்காரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் பிறை போலக் கீற்று தெரிந்தால் இன்னும் நடுவில் இல்லை. புது ஸ்க்ரூ, ஒரு சொட்டு த்ரெட் லாக்கர். இது கழன்றால் போகும் இடம் வால்வும் பிஸ்டனும்தான்.

ஃப்ளோ-ஜெட்டைப் பிரிக்கும்போது இன்னொரு எச்சரிக்கை. அதன் நாசில், அதாவது பெட்ரோல் குழல், கீழ் உடம்பிலிருந்து சாய்வாக மேல் உடம்புக்குள் குறுக்கே போகிறது. நீடிலையும் பேக்கிங் நட்டையும் எடுத்து, பொருத்தமான ஒடுங்கிய ஸ்க்ரூடிரைவரால் நாசிலைத் திருகி எடுத்த பிறகே மேல் உடம்பைத் தூக்க வேண்டும். அவசரத்தில் தூக்கினால் நாசில் நெளிந்துவிடும். மேல், கீழ் உடம்புக்கு நடுவிலும் அதே 0.002 கேஜ் சோதனை உண்டு.

இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான டிகம்ஸேயின் இன்ஜின்கள் 2008க்குப் பிறகு வரவில்லை, மெஷின்கள் மட்டும் நிறைய ஓடுகின்றன. அவற்றில் ஏற்ற இறக்கத்துக்கு முதல் சந்தேகம் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் நட்டு. பார்க்கச் சாதாரண போல்ட் மாதிரி இருக்கும். உண்மையில் அதுவேதான் ஜெட். அதன் கழுத்துப் பள்ளத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு துவாரம் இருக்கிறது, அது அடைத்தால் ஐடில் (சுமையில்லாமல் மெதுவாக ஓடுவது) போய்விடும். ஃப்ளோட்டின் உயரத்துக்கு உடம்பைத் தலைகீழாக வைத்து 11/64 அங்குல ட்ரில் பிட்டைக் குறுக்கே போடுங்கள், ஃப்ளோட்டின் நுனி அதைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். உள்வாங்கும் சீட் சின்ன ரப்பர் வளையம். வரி விழுந்த பக்கம் உள்ளே போக வேண்டும். பித்தளை ஃப்ளோட்டை வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். ஃப்ளோட் நீடில் கசிந்த மெஷினில் பெட்ரோல் எண்ணெயோடு கலந்திருக்கும். எண்ணெயை மோந்து பார்த்து, மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

திரும்ப பிரிக்ஸுக்கு வருவோம். எல்லாம் புதிதாகப் போட்டும் ஏர் வாங்கினால், கார்புரேட்டர் இன்ஜினின் உறிஞ்சு குழாயில் செருகும் இடத்து ஓ-ரிங்கைப் பாருங்கள். சின்ன விஷயம் என்று பழையதையே விட்டுவிடுவார்கள். அது தட்டையாகிப் பிளாஸ்டிக் வளையல் போலக் கெட்டியாகியிருக்கும். புதியதற்கு ஒரு சொட்டு எண்ணெய் தடவி, டாங்கையும் கார்புரேட்டரையும் ஒன்றாக நேராகத் தள்ளுங்கள். சாய்த்துத் தள்ளினால் ஓ-ரிங் உருண்டு வெட்டுப்படும்.

டியூனிங்குக்கு டாங்கைப் பாதி நிரப்புங்கள். வாக்கு-ஜெட்டில் இது கட்டாயம். பெட்ரோல் மட்டம் இறங்க இறங்க உறிஞ்சும் உயரம் கூடிக் கலவை மாறும், பாதியில் வைத்தால் இரு பக்கமும் சமாளிக்கும். ஏர் ஃபில்டரை மாட்டியே வையுங்கள். நீடிலை மென்மையாக மூடி ஒன்றரை சுற்று திறந்து, ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் சூடேறவிடுங்கள். வெட்டும் வேகத்தில் ஓடும்போது எட்டில் ஒரு சுற்றாக மூடிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் தடுமாறும். அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு திறந்துகொண்டே போனால் சத்தம் கனத்துக் குதிக்க ஆரம்பிக்கும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். ஐடிலை 1750 ஆர்பிஎம்மில் வைத்து, த்ராட்டிலைச் சட்டென்று திறந்து பாருங்கள். திணறினால் நீடிலை எட்டில் ஒரு சுற்று திறங்கள்.

இன்னும் ஏற்ற இறக்கம் மிச்சமிருந்து, த்ராட்டில் நெம்புகோலை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்தால் வேகம் நிலைத்து நிற்கிறது என்றால், பிரச்சினை கவர்னரின் கம்பியிலோ ஸ்பிரிங்கிலோ இருக்கிறது. ஸ்பிரிங்கை வேறு ஓட்டைக்கு மாற்றிச் சமாளிக்காதீர்கள். வேகம் கூடினால் அடியில் சுழலும் பிளேடு தாங்கும் எல்லையைத் தாண்டும். சரியான ஸ்பிரிங்கை வாங்கிப் போடுங்கள்.

கடைசியாக, கால் மணி நேரம் புல் வெட்டிவிட்டு, ஐடிலுக்கு விடாமல் வெட்டும் வேகத்திலேயே அணைத்து, ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் கார்புரேட்டரை அப்படியே விட்டுவிடலாம். வெளுத்திருந்தால் எங்கோ இன்னும் ஏர் வாங்குகிறது. கிரீஸ் டப்பாவை மறுபடி எடுங்கள்.